210665: ஓர் எண்ணின் ஜாதகம்

சிங்கப்பூரின் தேக்கா நிலையத்துக்கு அஞ்சல் கணக்கில் இன்னொரு பெயர் உண்டு: 210665. ஈரச்சந்தையும் உணவுக் கடைகளும் மாடியில் துணிக்கடைகளுமாக நிற்கிற அந்தக் கட்டடம் பஃபலோ சாலையில் புளோக் 665. 1995 செப்டம்பர் 1-இல் சிங்கப்பூர் நான்கு இலக்க அஞ்சல் குறியீட்டை விட்டு ஆறு இலக்கத்துக்கு மாறியது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடங்களுக்கு அந்தக் குறியீட்டை அமைக்கும் முறை எளிது: முதல் இரண்டு இலக்கம் வட்டாரத்தைச் சொல்லும், கடைசியில் புளோக் எண் வரும். 21 என்றால் லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பக்கம், 665 கட்டடம், இடையிலுள்ள 0 இடத்தை நிரப்ப வந்தது. கணித அறிஞர் எவரும் இந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கவில்லை. அதிர்ஷ்டம் பார்த்தும் யாரும் வைக்கவில்லை. நிர்வாக வசதிக்காகப் பிறந்த எண் அது. அதனாலேயே ஒரு கேள்விக்கு நல்ல சோதனைப் பொருளாகிறது: கையில் அகப்பட்ட ஏதோ ஒரு பெரிய முழு எண்ணைப் பார்த்து, ‘இது எப்படிப்பட்ட எண்?’ என்று கேட்டால் அதற்கு அர்த்தமுள்ள பதில் உண்டா?

உண்டு. ஆனால் அந்தப் பதில் எண்ணின் தனிப் பெருமையைப் பாடுவதாக இருக்க முடியாது. ஓர் எண்ணுக்கு ஒரு பண்பு இருக்கிறது என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். அந்தப் பண்பு எத்தனை எண்களுக்கு உண்டு? எண்ணை வேறு விதமாக எழுதினாலும் அது நிலைக்குமா? அந்தப் பண்பு இருப்பதால் வேறு என்ன தெரியவருகிறது? கணிதம் எண்களை வகைப்படுத்துவதும் சோதிடம் எண்களை வகைப்படுத்துவதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றலாம்; இரண்டும் எண்ணை உடைத்து, கூட்டி, ஒரு பெயர் வைக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டுபவை இந்த மூன்று கேள்விகள்தாம். தேக்காவின் எண்ணை அவற்றின் முன்னால் நிறுத்திப் பார்ப்போம்.

முதலில் எண்ணை உடைக்க வேண்டும். சிங்கப்பூரில் இதை 210,665 என்று எழுதுவார்கள், சென்னையில் 2,10,665 என்பார்கள். காற்புள்ளி நகர்ந்தாலும் எண் ஒன்றுதான். ஆனாலும் சிங்கப்பூர் வழக்கம் இங்கே ஒரு வேலையை மிச்சப்படுத்துகிறது. 1001 என்பது 7, 11, 13 ஆகிய மூன்றின் பெருக்கற்பலன். ஆகவே ஆறு இலக்க எண்ணை மும்மூன்றாகப் பிரித்து, வலப்பாதியிலிருந்து இடப்பாதியைக் கழித்தால் வருவது, இந்த மூன்று எண்களால் வகுக்கும்போது மூல எண் தரும் அதே மீதியைத் தரும். 665-இலிருந்து 210-ஐக் கழித்தால் 455. அதாவது 210665 என்பது 210 தடவை 1001, அதோடு ஒரு 455. இந்த 455 என்பது 5 × 7 × 13. எனவே 7-உம் 13-உம் தேக்காவின் எண்ணை மீதியின்றி வகுக்கும், 11 வகுக்காது. 5 வகுக்கும் என்பதைக் கடைசி இலக்கமே சொல்லிவிடுகிறது. மூன்றையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது 463. அதை 2, 3, 5, 7, 11, 13, 17, 19 என ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தால் எதற்கும் மசியாது. 23-இன் வர்க்கம் 529 என்பதால் அதற்கு மேல் சோதிக்கத் தேவையில்லை. ஆகவே 463 ஒரு பகா எண். முடிவு: 210665 = 5 × 7 × 13 × 463. வேறெந்தப் பகா எண்களைப் பெருக்கியும் இதே எண்ணைப் பெற முடியாது. காற்புள்ளி உதவியது உண்மை. பத்து பத்தாக எண்ணும் நம் வழக்கமும் உதவியது. ஆனால் கிடைத்த விடை எந்த வழக்கத்துக்கும் கட்டுப்பட்டதல்ல. இருபது இருபதாக எண்ணிய மாயர்களும் அறுபது அறுபதாக எண்ணிய பாபிலோனியர்களும் இத்தனை கற்களைக் குவித்து வரிசைப்படுத்தியிருந்தால் இதே நான்கு காரணிகளைத்தான் கண்டிருப்பார்கள்.

இந்த நான்கு காரணிகளிலிருந்து பல வகைப்பாடுகள் கிளைக்கின்றன. எதுவும் இருமுறை வராததால், 1-க்கு மேற்பட்ட எந்த வர்க்க எண்ணும் 210665-ஐ வகுக்காது. இது வர்க்கக் காரணியற்ற எண். பத்து லட்சம் வரையுள்ள எண்களில் இத்தகையவை 607,926. பத்தில் ஆறு எண்கள் இந்த வகை. எண்கள் பெருகப் பெருக இந்த விகிதம் 6-ஐ பை வர்க்கத்தால் வகுத்தால் வருகிற 60.79 விழுக்காட்டை நெருங்குகிறது. வட்டத்தின் சுற்றளவோடு உறவுள்ள பை இங்கே எப்படி வந்தது என்பது தனிக் கதை. ஒரு வகைப்பாடு எங்கெங்கோ வேர் விட்டிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். அடுத்து, வகுக்கும் எண்கள் மொத்தம் 16. அவற்றில் 210665-ஐ விட்டுவிட்டு மற்றவற்றைக் கூட்டினால் 101,143. கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைவு என்பதால் இதற்குக் குறைவெண் என்று பெயர். கூட்டுத்தொகை சரியாக எண்ணுக்குச் சமமானால் அது நிறைவெண் (6, 28, 496 போல), கூடிவிட்டால் மிகையெண். கி.பி. 100 வாக்கில் வாழ்ந்த நிக்கோமாக்கஸ் இந்த முப்பிரிவை விளக்கியபோது அதில் ஒழுக்கத்தையும் கலந்தார். நிறைவெண்கள் நற்குணத்துக்கும், மற்ற இரண்டும் உறுப்பு கூடியோ குறைந்தோ பிறந்த உயிர்களுக்கும் ஒப்பாகிவிட்டன. உண்மையில் முழு எண்களில் நான்கில் மூன்று பங்கு குறைவெண்கள்தாம். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு உள்ளதைக் குறை என்று எப்படிச் சொல்வது? பெயரில் இருக்கும் குற்றம் எண்ணுக்கு ஒட்டாது.

பக்கத்துக் கட்டடத்தையும் பார்த்துவிடுவது நல்லது. புளோக் 664-இன் குறியீடு 210664. அதன் காரணிகள் 2 × 2 × 2 × 17 × 1549. அதில் 2 மூன்று தடவை வருவதால் வர்க்கக் காரணியற்ற கூட்டத்தில் அதற்கு இடமில்லை. அந்த எண்ணை விட்டுவிட்டு அதன் மற்ற வகுஎண்களைக் கூட்டினால் 207,836. நிறைவெண் ஆவதற்கு வெறும் 2,828 போதவில்லை. 210665-க்கு அந்தக் கூட்டுத்தொகை எண்ணில் பாதியைக்கூட எட்டவில்லை, அடுத்த வாசலில் இருப்பதோ நிறைவின் விளிம்பில் நிற்கிறது. இரண்டுக்கும் பொதுவான பகாக் காரணி ஒன்றுகூட இல்லை. அடுத்தடுத்த இரு எண்களுக்கு ஒருபோதும் இருக்க முடியாது. இருந்தால் அது அவற்றின் வேறுபாடான 1-ஐயும் வகுக்க வேண்டியிருக்கும். கூட்டல் வழியில் ஒட்டி நிற்பவை, பெருக்கல் வழியில் முற்றிலும் அந்நியர். எண் கோட்பாட்டின் கடினமான கேள்விகளில் பல இந்த முரணிலிருந்து எழுகின்றன. ஓர் எண் எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டு அது எதனால் ஆனது என்று ஊகிக்க முடியாது.

தனித்தனி எண்ணை ஊகிக்க முடியாது என்றாலும் கூட்டத்தைப் பற்றிப் பேசலாம் என்று காட்டியவர்களில் ஒருவர் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச ராமானுஜன். ஒரு பெரிய எண்ணுக்கு வெவ்வேறு பகாக் காரணிகள் வழக்கமாக எத்தனை இருக்கும்? 1917-இல் கணித அறிஞர் ஹார்டியும் அவரும் சேர்ந்து தந்த விடை: எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கு மீண்டும் ஒருமுறை மடக்கை எடுத்தால் வருவது எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவு. 210665-இன் இயல் மடக்கை 12.26; அதன் மடக்கை 2.5. அதாவது இந்த அளவிலான எண்ணுக்கு இரண்டு அல்லது மூன்று பகாக் காரணிகளை எதிர்பார்க்கலாம், நம்முடையதற்கு நான்கு. இது வியப்புக்குரிய மிகுதியா? 1940-இல் எர்டோஷும் காட்ஸும் நிறுவிய தேற்றம் அதற்கும் அளவுகோல் தருகிறது. காரணிகளின் எண்ணிக்கை, மக்களின் உயரம் பரவியிருப்பது போன்ற மணி வடிவ வளைகோட்டில் பரவும். அதன் திட்ட விலக்கம் அந்த 2.5-இன் வர்க்கமூலம், அதாவது 1.6. நான்கு என்பது நடுவிலிருந்து ஒரு திட்ட விலக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. சற்றே உயரமான ஆள், அவ்வளவுதான்.

வகுஎண்களின் எண்ணிக்கையில் இதே கதை ஒரு திருப்பத்தோடு வருகிறது. இந்த அளவிலான எண்களுக்குச் சராசரியாக 13.4 வகுஎண்கள் உண்டு. ஆனால் வழக்கமான எண் ஒன்றை எடுத்தால் ஆறு, எட்டு என்ற அளவில்தான் இருக்கும். சராசரி ஏன் இவ்வளவு மேலே போயிற்று? 720720 போன்ற சில எண்கள் அதைத் தூக்கிவிடுகின்றன. ஆறு இலக்க எண்களில் அதிக வகுஎண்கள் கொண்டவற்றுள் ஒன்றான அதற்கு 240 வகுஎண்கள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை. இப்படிச் சாதனை படைக்கும் எண்களுக்கு உயர் பகு எண்கள் என்று பெயர் வைத்து 1915-இல் நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுதியவரும் ராமானுஜன்தான். ஒரு தெருவில் நான்கு கோடீஸ்வரர்கள் குடிவந்தால் தெருவின் சராசரி வருமானம் உயர்ந்துவிடும், ஆனால் நடுவீட்டுக்காரரின் சம்பளம் உயராது. 16 வகுஎண்கள் கொண்ட 210665 சராசரிக்குக் கொஞ்சம் மேலே, 720720-க்கு வெகு தூரம் கீழே. இதுவரை பார்த்ததில், முதல் கேள்விக்கு அதன் பதில் தெளிவாக இருக்கிறது. எந்தக் கூட்டத்தில் நிறுத்தினாலும் பெரும்பான்மையோடு, அல்லது அதற்குப் பக்கத்தில் நிற்கிற எண் இது.

ஆனால் இப்படிச் சொல்லி முடித்துவிட முடியாதபடி ஓர் அரிய பண்பு இதற்குள் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா ஒற்றைப்படை எண்ணை உடைக்க ஒரு வழி சொன்னார்: எண்ணைவிடச் சற்றுப் பெரிய வர்க்கத்தை எடு, அதிலிருந்து எண்ணைக் கழி, மிஞ்சுவதும் ஒரு வர்க்கமானால் எண் உடைந்துவிட்டது, இல்லையென்றால் அடுத்த வர்க்கத்துக்குப் போ. சாதாரணமாக இதற்குப் பல படிகள் பிடிக்கும். தேக்காவின் எண்ணுக்கு அடுத்த வர்க்கம் 459-இன் வர்க்கம், அது 210,681. கழித்தால் 16, அதாவது 4-இன் வர்க்கம். முதல் அடியிலேயே எண் பிளந்துவிட்டது: 459-இலிருந்து 4-ஐக் கழித்தால் 455, கூட்டினால் 463. ஏற்கெனவே கண்ட காரணிகள் இரண்டே கட்டுகளாக, கிட்டத்தட்டச் சம எடையில் பிரிந்து நிற்கின்றன. பார்ப்பவர் மனம் துள்ளத்தான் செய்யும். இன்னும் வேண்டுமானால், லண்டன் புட்னி மருத்துவமனையில் படுத்திருந்த ராமானுஜன், ஹார்டி ஏறிவந்த டாக்சியின் எண்ணுக்குப் பெருமை சேர்த்த கதையில் வரும் 1729-ஐ எடுத்துக்கொள்ளலாம். அது 7 × 13 × 19. தேக்காவுக்கும் அந்த டாக்சிக்கும் 7, 13 இரண்டும் பொது. மீப்பெரு பொதுக் காரணி 91. இதை வைத்து உணர்ச்சிகரமான ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்.

அப்படி எழுதுவதற்கு முன் முதல் கேள்வியைக் கேட்க வேண்டும்: எத்தனை எண்களுக்கு இது உண்டு? 91 என்ற பொதுக் காரணி பற்றிச் சொல்ல அதிகமில்லை; 91 எண்களுக்கு ஒன்று அதால் வகுபடும். ஃபெர்மா முறைக்கு முதல் அடியிலேயே மசியும் பண்பைக் கையாலேயே எண்ணிவிடலாம். 458-இன் வர்க்கமான 209,764-க்கு அடுத்த எண் தொடங்கி 459-இன் வர்க்கம் வரை 917 எண்கள். அவற்றை 210,681-இலிருந்து கழித்தால் 0 முதல் 916 வரை வரும். அதற்குள் உள்ள வர்க்கங்கள் 0 முதல் 900 வரை, அதாவது 30-இன் வர்க்கம் வரை, 31. ஆக, 917 எண்களில் 31 எண்களுக்கு இந்தப் பண்பு உண்டு: முப்பதில் ஒன்று. அரிதுதான், அதிசயம் இல்லை. முப்பதில் ஒன்றாக வரக்கூடிய, ஒன்றையொன்று சாராத முப்பது பண்புகளை வைத்துக்கொண்டு எந்த எண்ணைச் சோதித்தாலும், ஏதாவது ஒன்றாவது பொருந்துவதற்கு 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு. வலையை அகலமாக வீசியவருக்கு மீன் கிடைத்தால் அதற்கு மீனைப் பாராட்டக் கூடாது. 210665-இன் அரிய பண்பைக் கண்டது தேடியதால். வேறோர் எண்ணைத் தேடியிருந்தால் அதற்கென்று வேறொன்று அகப்பட்டிருக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதம் எழும். எந்த எண்ணிலும் ஏதாவது கிடைக்கும் என்றால், கணித வகைப்பாட்டுக்கும் எண் சோதிடத்துக்கும் என்ன வேறுபாடு? இரண்டாவது கேள்வி இதற்குத்தான். எண் சோதிடர் 2, 1, 0, 6, 6, 5 ஆகியவற்றைக் கூட்டி 20 என்பார், 2 என்று சுருக்குவார், சந்திரனுக்குரியது என்பார். அந்த 2 உண்மையில் சொல்வது ஒன்றே ஒன்று: 210665-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 2. ஏன் 9? நாம் பத்து பத்தாக எண்ணுவதால். கட்டைவிரலை விட்டுவிட்டு எட்டு விரல்களை மட்டும் எண்ணிப் பழகிய சமூகம் ஒன்று இருந்தால், இதே அளவை 633351 என்று எழுதும். அந்த இலக்கங்களைக் கூட்டினால் நம் கணக்கில் 21. அவர்கள் அதை 25 என்று எழுதி, இரண்டையும் ஐந்தையும் கூட்டி 7 என்பார்கள். ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை, சந்திரன் போய்க் கேது வந்துவிட்டார். சிங்கப்பூரில் இதற்குக் கணக்குப் போடாமலேயே சான்று கிடைக்கும். தமிழ் எண் சோதிடத்தில் 8 சனிக்குரியது, பலர் ஒதுக்குவார்கள். சீனர்களுக்கு அது செல்வத்தின் எண், போட்டி போட்டு வாங்குவார்கள். ஒதுக்குவதோ மரணத்தின் ஓசையைக் கொண்ட 4-ஐ. ஒரே நகரம், ஒரே எண், இரண்டு தலையெழுத்து. ‘4டி’ என்ற நான்கு இலக்க லாட்டரிச் சீட்டுக்காக விபத்தில் சிக்கிய வண்டியின் எண்ணைக் குறித்துக்கொள்பவருக்கும் இதே விடைதான்: 10,000 எண்களில் 23 எண்களுக்குப் பரிசு விழுகிறது, எந்த எண்ணுக்கும் மற்றதைவிட வாய்ப்பு கூடுதல் இல்லை. ஆனால் 7-ஆல் வகுபடுவது பத்திலும் மாறாது, எட்டிலும் மாறாது. எட்டு விரல் சமூகத்தின் கணக்கில் 7 வந்ததும் அந்த வகுபடுதலின் நிழலாகத்தான்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. அஞ்சல் குறியீடு எண்ணே அல்ல. இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். இரண்டு குறியீடுகளைக் கூட்டினால் பொருளில்லை. மரீனா பே சாண்ட்ஸின் குறியீடு 018956. அதை எண்ணாகப் பாவித்து முன்னாலுள்ள 0-ஐ விழுங்கிவிடும் கணினி அட்டவணை அதைக் கெடுத்துவிடுகிறது. அப்படியிருக்க, அஞ்சல் குறியீட்டின் பகாக் காரணிகளைத் தேடுவது ஒருவரின் பெயரை எடைபோடுவது போலத்தானே? வாதம் சரி, ஒரு பாதி. 210665-இன் காரணிகள் தேக்கா நிலையத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. முன்பு சூஜியாவ் நிலையம் என்று அழைக்கப்பட்ட அந்தக் கட்டடம் பெயர் மாறியபோது எப்படி எண் பாதிக்கப்படவில்லையோ, அப்படியே எண்ணின் காரணிகளாலும் கட்டடத்துக்கு ஒன்றுமில்லை. எண்ணின் பண்பை அது ஒட்டப்பட்ட பொருளின் பண்பாக எடுத்துக்கொள்வதுதான் சோதிடத்தின் அடிப்படைப் பிழை. எதிர்வாதி அதைச் சரியாகவே பிடித்திருக்கிறார்.

ஆனால் பெயராக நிற்கும் இலக்கங்களுக்குள் கணிதத்தைத் தெரிந்தே வைத்துத் தைக்கவும் முடியும். சிராங்கூன் சாலையில் போகும் பேருந்துகளின் தகட்டைப் பார்த்தாலே போதும். சிங்கப்பூர் வாகன எண் எழுத்துகளில் தொடங்கி, இலக்கங்களைத் தாண்டி, மீண்டும் ஓர் எழுத்தில் முடிகிறது. அந்தக் கடைசி எழுத்து சும்மா வந்ததல்ல. எஸ்.பி.எஸ். 3229 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் எழுத்தை விட்டுவிட்டு, ‘பி’ ஆங்கில அகரவரிசையில் 2, ‘எஸ்’ 19 என்று வைத்து, அவற்றை 9, 4 ஆகியவற்றாலும், இலக்கங்களை 5, 4, 3, 2 ஆகியவற்றாலும் முறையே பெருக்கிக் கூட்டினால் 18 + 76 + 15 + 8 + 6 + 18 = 141. 19-ஆல் வகுத்தால் மீதி 8; அந்த மீதிக்குரிய எழுத்து ‘பி’ என்ற இன்னோர் ஆங்கில எழுத்து, ‘ஓ’வுக்கு அடுத்தது. இப்போது ஒருவர் அவசரத்தில் 3229-ஐ 3292 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 148 ஆகும், மீதி 15 ஆகும், கடைசி எழுத்து ஒத்துப்போகாது. பிழை தானாகவே மாட்டிக்கொள்கிறது. இதற்குக் காரணம் 19 ஒரு பகா எண் என்பது. ஓர் இலக்கத்தில் நேரும் பிழை அதிகபட்சம் 9. அதை 5, 4, 3, 2 எதனால் பெருக்கினாலும் 19-இன் மடங்கு வர வழியில்லை. 19-க்குப் பதில் 10 இருந்திருந்தால், 5-ஆல் பெருக்கப்படும் இடத்தில் 3-ஐ 1 என்று எழுதினாலும் வேறுபாடு 10 ஆகி, பிழை தெரியாமல் நழுவியிருக்கும். அதே பகா எண் இந்த முறையின் ஓட்டையையும் காட்டிக்கொடுக்கிறது: எழுத்துகள் 26 வரை போவதால், முதல் எழுத்தான ‘ஏ’யும் இருபதாம் எழுத்தான ‘டி’யும் 19-இன் பார்வையில் ஒன்றே, ஒன்றை மற்றதாக எழுதினால் பிடிபடாது. மூன்றாவது கேள்விக்கு இதைவிடக் கையில் தொட்டுப் பார்க்கிற பதில் கிடைக்காது. ‘பகா எண்’ என்ற வகைப்பெயரைச் சூட்டியவுடனேயே எந்தப் பிழை பிடிபடும், எது தப்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடிகிறது. 2 சந்திரனுக்குரியது என்பதிலிருந்து இப்படி எதையும் பெற்றுவிட முடியாது.

மூன்றாவதாக ஒருவர் கேட்கலாம்: ஆறு இலக்கம் ஒரு பெரிய எண்ணா? 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட, இன்று நாம் அறிந்தவற்றில் மிகப் பெரிய பகா எண்ணில் 41,024,320 இலக்கங்கள். அதன் முன் 210665 தூசு. இதற்கு விடை, பெரியது என்பதை இலக்கங்களை எண்ணி மட்டும் தீர்மானிக்கக் கூடாது என்பதே. ஓர் எண்ணின் வகையை அறிய எவ்வளவு உழைப்பு தேவை என்பதே சரியான அளவுகோல். அந்த உழைப்பு வகைக்கு வகை மாறும். ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்பதை, இலக்கங்கள் கூடினாலும் கட்டுக்கடங்கிய நேரத்தில் தீர்மானிக்கும் உறுதியான வழியை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள். ஆனால் பகா எண் இல்லை என்று தெரிந்த பிறகும் அதன் காரணிகளைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறையின் சவாலுக்கென்று வெளியிடப்பட்ட 250 இலக்க எண் ஒன்று 2020-இல்தான், ஏராளமான கணினி உழைப்புக்குப் பிறகு உடைந்தது. இணையப் பரிமாற்றங்களைக் காக்கப் பரவலாகப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. எண்களுக்கு 617 இலக்கங்கள். அவற்றை உடைக்க இன்று வழியில்லை. ஹார்டி–ராமானுஜன் கணக்கில் அந்த அளவுள்ள வழக்கமான எண்ணுக்கு ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள் இருக்க வேண்டும். இவற்றுக்கோ இரண்டே இரண்டு, அவையும் பிரம்மாண்டமானவை. கூட்டத்தின் இயல்பு என்ன என்று தெரிந்ததால்தான், அந்த இயல்பிலிருந்து விலகிய எண்ணை வேண்டுமென்றே செய்து பூட்டாக்க முடிகிறது.

அந்தப் பூட்டுகளுக்கும் தேக்காவின் எண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. இரு பகாக் காரணிகளையும் ஒன்றுக்கொன்று மிக அருகில் தேர்ந்தெடுத்துவிட்டால், எண் எவ்வளவு நீளமானாலும் ஃபெர்மாவின் பழைய முறை அதைச் சில அடிகளில் உடைத்துவிடும். 455-உம் 463-உம் அருகருகே இருந்ததால் 210665 உடைந்ததைப் போலவே. 2022-இல் ஹானோ பேக் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், சில அச்சுப்பொறிகள் உருவாக்கிய ஆர்.எஸ்.ஏ. சாவிகள் சரியாக இந்தக் காரணத்தால் உடையக்கூடியவை என்று காட்டினார். சாவியைச் செய்த மென்பொருள் ஒரு பகா எண்ணைத் தேர்ந்தெடுத்த பின், இரண்டாவதை அதற்கு வெகு அருகிலேயே எடுத்திருந்தது. ஆறு இலக்க எண்ணில் பொழுதுபோக்காகத் தெரிந்த பண்பு, அறுநூறு இலக்கத்தில் திறந்த கதவாகிவிட்டது. முப்பதில் ஒன்று என்று நாம் எண்ணிப் பார்த்த அந்த விகிதமும் அளவோடு சேர்ந்து மாறுகிறது. எண்கள் பெருகப் பெருக, முதல் அடியிலேயே உடையும் எண்கள் வேகமாக அருகிக்கொண்டே போகும். 617 இலக்கத்தில் ஒன்று தற்செயலாகக் கிடைப்பது நடவாத காரியம். அப்படி ஒன்று கிடைத்தால் யாரோ தவறு செய்திருக்கிறார்கள் என்று பொருள்.

ஆக, 210665-க்குக் கணித்த ஜாதகம் இவ்வளவுதான். நான்கு பகாக் காரணிகள், வர்க்கம் எதுவும் கலக்காதது, முக்கால்வாசி எண்களைப் போலக் குறைவெண், காரணி எண்ணிக்கையில் நடுத்தரத்துக்குச் சற்று மேல், ஃபெர்மா முறைக்கு முதல் அடியிலேயே மசிகிற முப்பதில் ஒன்று. இதில் எதுவும் தேக்காவில் கடை வைத்திருப்பவருக்கு வியாபாரம் பெருகுமா என்று சொல்லாது. நாளைக்குச் சிங்கப்பூர் குறியீட்டை எட்டு இலக்கமாக்கினால் கட்டடம் வேறு எண்ணை ஏற்றுக்கொள்ளும், 210665 தன் வேலையை இழக்கும். அப்போதும் அது 459-இன் வர்க்கத்துக்குப் பதினாறு குறைவாகவே, அந்த 917 எண்களில் 31-இல் ஒன்றாகவே இருக்கும். வேலை நாம் கொடுத்தது, இந்த இடம் நாம் கொடுத்ததல்ல.